பிக்கப் வண்டியின் சூன்யவாதம்

சூன்யம் என்ற ஒன்று உண்டா இல்லையா என்று பாரத தேசத்துத் தத்துவஞானிகள் பல நூற்றாண்டுகள் தர்க்கித்திருக்க, அஃது உண்டு என்பதையும், அது இல்லாவிடில் பிரேக் பிடிக்காது என்பதையும், விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசிக்குச் செல்லும் சாலையில், எதிரே ஓர் எருமை நின்ற ஒரு காலைப்பொழுதில், என் பழைய டீசல் பிக்கப் வண்டி எனக்குப் பிரத்யட்சமாக உபதேசித்தது. எருமைக்கு ஏதும் நேரவில்லை. பெடல்மீது இரண்டு கால்களையும் ஊன்றி எழுந்து நின்று மிதித்ததில் எனக்கு உண்டான இடுப்பு வலியே இவ்வாராய்ச்சியின் முதல் ஆதாரம்.

முதற்கண் சொல்லாராய்ச்சி. நம் ஒர்க்ஷாப்புகளில் இதனை ‘வேக்கம்’ என்பர். வெறுமையைக் குறிக்கும் இலத்தீன் சொல் ஆங்கிலத்தின் வழியே இங்கு வந்தது என்பது வெளிப்படை. வெளிப்படையானது ஆராய்ச்சி ஆகாதாதலால், ‘வேகம்’ என்பதே ககரம் இரட்டித்து ‘வேக்கம்’ ஆயிற்று எனக் கொள்வாரும் உளர் (ஆமத்தூர் டீக்கடை மரபு, மேற்குப் பெஞ்சு). வேகத்தைத் தணிக்க உதவும் பொருளுக்கு வேகம் என்று பெயரிடுவானேன் எனின், மங்கல வழக்கு என்பர். நெடிலின் பின் ககரம் இவ்வாறு இரட்டிக்க விதி உண்டோ எனின், ஒர்க்ஷாப்பில் விதி ஏது என்பர். கிழக்குப் பெஞ்சார் இதனை மறுத்திருக்கக்கூடும். ஆனால் அவர்கள் எந்நேரமும் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பவர்கள்.

இனிப் பொருள். பெட்ரோல் எஞ்சினில் காற்று புகும் வழியில் ஒரு தகடு குறுக்கே நிற்பதனால், எஞ்சின் மூச்சிழுக்கையில் தானாகவே வெறுமை உண்டாகும். டீசல் எஞ்சினுக்கு அத்தகடு வழக்கமில்லையாதலால், ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒரு சிறு பம்பை ஏற்றி, அதற்கு எஞ்சின் ஆயிலை ஊட்டி, ரப்பர் ஹோஸ், ஒருவழி வால்வு ஆகியவற்றின் வாயிலாகப் பிரேக் பூஸ்டருக்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. பாமரர் எண்ணுவதுபோல் வேக்கம் எதையும் இழுப்பதில்லை. காலி இடம் எதை இழுக்கும்? வெளிக்காற்றே தள்ளுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் மாக்டபர்க் நகரத் தலைவர் குவெரிக், இரண்டு செம்பு அரைக்கோளங்களை வாயோடு வாய் சேர்த்து, உள்ளிருந்த காற்றை நீக்கி, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கவைத்து, அவை பிரியாமை கண்டு மகிழ்ந்தார். குதிரைகளை அலைக்கழித்த அதே காற்றுதான், பூஸ்டரினுள் ஒன்பது அங்குல விட்டமுள்ள டயாப்ரத்தின் ஏறத்தாழ 400 சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக அழுத்தி, என் ஒற்றைக் காலுக்கு ஒத்தாசை செய்ய வேண்டியது. செய்யவில்லை என்பதே வழக்கு.

பரீட்சைகள் மூன்று. எஞ்சினை நிறுத்திப் பெடலை நாலைந்து முறை மிதித்துக் கட்டையாக்கி, மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால், பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிடில் வேக்கம் வந்து சேரவில்லை. ஓடிய எஞ்சினை நிறுத்திய பின்னும் இரண்டு மூன்று மிதிக்கு மென்மை நிற்க வேண்டும். நில்லாவிடில் வால்வைச் சந்தேகிக்க. மிதித்துக்கொண்டிருக்கையில் விடாமல் ‘உஸ்’ஸென்று ஒலித்தால் டயாப்ரம் கிழிந்தது. பழைய ஜீப்புகளில் வேக்கத்தால் ஆடும் வைப்பர், ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் சோர்ந்துவிடும். வைப்பர் இயல் முற்றிற்று.

கசிவைக் கண்டறிதலே பெரும் சங்கடம். பஞ்சர் கடைச் சோப்பு நுரை இங்கே உதவாது; டியூபில் காற்று வெளியேறுகிறது, நுரை கொப்புளிக்கிறது; இங்கோ காற்று உள்ளே போகிறது, நுரையும் அதனோடு மௌனமாகப் போய்விடுகிறது. ஊதுவத்திப் புகையைக் காட்டி, அது எங்கே வளைந்து நுழைகிறது என்று பார்ப்பது உத்தமமான உபாயம். ஆயின் என் வண்டி நின்றது திருத்தங்கலில், பட்டாசுக் கிடங்கு ஒன்றின் அண்டையில். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்ட நாள்தொட்டு, உலகத்தார் கொளுத்துவதற்கு வேண்டியவற்றையெல்லாம் செய்துகொண்டே தான் ஒன்றையும் கொளுத்தாமல் இருக்கப் பழகிய சீமை இது. ஊதுவத்தி என்ற சொல்லைக் கேட்டதும் மெக்கானிக் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆகவே பம்பைக் கழற்றுமாறு நான் ஆணையிட்டேன். இவ்வாராய்ச்சியின் மகத்தான கண்டுபிடிப்பு அவ்வாறுதான் நிகழ்ந்தது.

பம்பு அமரும் முகப்பில், பாக்கிங் இருக்க வேண்டிய இடத்தில், கிரீஸ் தடவிய ஒரு தினசரிக் காலண்டர் தாள் வளையமாக வெட்டப்பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் எஞ்சியவை இரண்டே: ‘இராகு 4.30 – 6’ என்பது ஒன்று. ‘னி’ என்னும் ஓரெழுத்து மற்றொன்று. கல்வெட்டைப் படிக்கும் முன்னரே அதன் காலத்தை நிர்ணயித்துக்கொள்ளும் நம் அறிஞர்களின் சீரிய நெறியைப் பின்பற்றி, பழுது பார்த்த காலத்தை நிச்சயிக்கலானேன். இராகு காலம் மாலை நாலரைக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை. எனவே பழுது பார்த்தது ஞாயிறு. தாளைக் கிழிப்பது மறுநாள் காலையில் அல்லவா, எனவே திங்கள் என்பது மறுப்பு. ‘னி’யைப் பற்றியோ, ஆனி என்பர் ஒரு சாரார் (கிரீஸ் படிந்த நாற்பது பக்க நோட்டு, பின்னட்டை), பங்குனி என்பர் வேறொரு சாரார் (மேற்படி பின்னட்டைக்கு எழுந்த பென்சில் குறிப்பு), ஞாயிறு என்று தெளிந்த பின்னும் சனி என்று சாதிப்பார் உளர், இவர்கள் எல்லா வாதத்திலும் இருப்பர். ஆவணியே என்று நிறுவும் பெருமக்கள், மூன்று சுழி இரண்டு சுழியானது அச்சுப்பிழை என்பர். நாட்டுக்கெல்லாம் நாள்காட்டி அச்சிட்டுத் தரும் ஊரிலிருந்துகொண்டு அப்படிச் சொல்ல மிகுந்த துணிவு வேண்டும். இவர்களுக்குத் துணை நிற்பது பென்சில் குறிப்பின் மறுப்புக்கு எழுதப்பட்ட மறுப்பு. மூல மறுப்பு கரையானுக்கு இரையாயிற்று. இரண்டாம் மறுப்பில் ‘என்பார் கூற்றுப் பொருந்தாது’ என ஓரிடத்தில் வருவதைக் கொண்டு, முன்னதன் நூற்றெட்டுச் சூத்திரங்களையும் அவற்றின் ஆசிரியருடைய சமயத்தையும் அவருடைய பாட்டனாரின் ஊரையும் நாம் ஊகித்தறிகிறோம். ஊர் பற்றி மட்டும் ஐயம் உண்டு. அதனைத் தத்தம் ஊர் என்று எழுதியுள்ள அறிஞர் எழுவர்.

இக்கட்டத்தில் மெக்கானிக் குறுக்கிட்டார். “அண்ணாச்சி, ஹோஸோட வாய் வெடிச்சிருக்கு. ஒரு இஞ்சு அறுத்துப்புட்டு, கிளிப்பை இறுக்கி மாட்டுனாப் போதும். பம்பை எதுக்குக் கழட்டச் சொன்னீக?”

வாய் வெடித்த ஹோஸைப் பற்றி முன்னை ஆசிரியர் எவரும் கூறாமையால் அதனை நான் ஏற்பதற்கில்லை என்றேன். அவர் அறுத்தார், மாட்டினார். கழற்றிய பம்புக்குப் புதுப் பாக்கிங் அக்கடையில் இல்லாததால், சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மடித்து, கத்தரித்து வைத்துப் பம்பைப் பூட்டி, ஸ்டார்ட் செய்தார். பெடல் கீழே இறங்கியது. பழைய தாளைக் கை துடைத்து எறிந்துவிட்டார்.

பிற்கால ஆராய்ச்சியாளர் கவனத்திற்கு: இப்போது என் வண்டியின் பம்புக்கு அடியில் இருப்பது செவ்வாய்க்கிழமைத் தாள், இராகு காலம் 3 முதல் 4.30 வரை. பழுது பார்த்தது வெள்ளிக்கிழமை.