கஞ்சி குடிக்கவா, எழுதவா?

கேள்வி: ஆரணியில் பட்டுத் தறி ஓடும் வீடு எங்களுடையது. ஜப்பானிய மொழி எழுதப் பழக ஆசை. மூன்று வகை எழுத்தாமே, எதில் ஆரம்பிக்க?

பதில்: ஹிரகானாவில். மொத்தம் 46. தமிழின் 247-ஐ முடித்தவருக்கு என்ன பயம்? வரிசையும் கேட்ட மாதிரியே இருக்கும்: அ, இ, உ, எ, ஒ, அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ('ஹ' உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் 'ப'தான் இருந்தது.) பௌத்தத் துறவிகள் வழியாக இந்தியாவிலிருந்து போன வரிசை அது. அடுத்தது கத்தகானா. அதுவும் 46, வெளிநாட்டுச் சொற்களுக்கு. உங்கள் ஊர்ப் பெயர் இதில்தான் வரும்: அ, நீட்டுவதற்கு ஒரு படுக்கைக் கோடு, ர, நி. ரெண்டு சுழியா மூணு சுழியா என்ற சண்டை அங்கே கிடையாது.

கேள்வி: தமிழிலேயே எழுதி வைத்து மனப்பாடம் செய்தால்?

பதில்: சாவியும் சிப்பியும் ஒன்றாகிவிடும். அங்கே 'க'வின் வலது மேல் மூலையில் இரண்டு கீறல் போட்டால்தான் அழுத்தம் குறைந்த 'க'. 'கி'க்கும் அப்படியே. 'க'வை அடுத்து வரும் 'கி'யில் கீறல் இருந்தால் சாவி, இல்லாவிட்டால் கடல் சிப்பி. தமிழில் 'ககி' என்று எழுதினால் சாவி மட்டும்தான் வரும். சிப்பிக்காகக் 'கக்கி' என்று அழுத்தினால், சிப்பி ஒத்துக்கொள்ளாதவர் கதையாகிவிடும்.

கேள்வி: கஞ்சி என்றால் எங்களுக்குப் பாவுக்குப் போடுவது. அவர்கள் கஞ்சியில் 2136 எழுத்தாமே!

பதில்: கன்ஜி ஐயா, கன்ஜி, மூன்றாவது வகை எழுத்து. 2136 என்பது அன்றாடப் புழக்கத்துக்கென்று ஜப்பான் அரசு 2010-இல் வெளியிட்ட பட்டியல். அந்த ஊர்ப் பிள்ளைகளே ஆறாம் வகுப்பு முடிக்கும்போது 1026-தான் படித்திருப்பார்கள். ஆரம்பத் தேர்வுக்குச் சுமார் நூறு போதும்.

ஆனால் நீங்கள் நூலில் தொடங்கலாம். நூலுக்கு ஆறு கோடு. அதை ஒடுக்கி இடப்பக்கம் நிறுத்திப் பக்கத்தில் வேறொன்றைச் சேர்த்தால் பட்டு, 13 கோடு; மற்றொன்றைச் சேர்த்தால் நெசவு, 18. முடிச்சு, மெல்லிசு, காகிதம் எல்லாவற்றுக்கும் இடப்பக்கம் அதே நூல்தான். பாவுக்கும் ஊடைக்கும் தனித்தனி எழுத்து உண்டு. ஜப்பானிய பூகோளப் புத்தகத்தில் தீர்க்கரேகைக்குப் பாவு எழுத்து, அட்சரேகைக்கு ஊடை எழுத்து. பூமியையே தறியில் ஏற்றிவிட்டார்கள்!

கேள்வி: தேர்வில் கையால் எழுதச் சொல்வார்களா?

பதில்: சொல்ல மாட்டார்கள். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு சென்னையிலேயே ஜூலை, டிசம்பர் முதல் ஞாயிறுகளில் நடக்கிறது. விடைக்கு வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். அதனாலேயே பலர் நோட்டைத் தொடுவதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. கத்தகானாவில் 'ஷி', 'த்சு' இரண்டுக்கும் இரண்டு சின்னக் கோடு, ஒரு நீளக் கோடு. 'ஷி'யில் சின்னவை ஒன்றின் கீழ் ஒன்று, நீளக் கோடு கீழிருந்து மேலே போகும். 'த்சு'வில் அவை பக்கம் பக்கமாக, நீளக் கோடு மேலிருந்து கீழே இறங்கும். வெறுமனே பார்த்துப் படித்தவர் வருஷக்கணக்கில் தடுமாறுவார். பத்து நாள் எழுதியவருக்குக் கையே சொல்லிவிடும்.

கேள்வி: முந்தானையில் ஜப்பானிய எழுத்து நெய்தால் விற்குமா?

பதில்: ஜோராக விற்கும். ஜக்கார்டு அட்டை தப்பாகி 'ஷி' 'த்சு'வாக விழுந்தாலும் கல்யாண வீட்டில் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஒரகடம் தொழிற்பேட்டையின் ஜப்பானிய மேனேஜர் வீட்டம்மாவிடம் மட்டும் அந்தப் புடவையை விரித்துக் காட்டாதீர்கள்.