பத்து நாள் அப்போஸ்தலர்

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில், வாலிபர் கூட்டத் தலைவர் மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமுவார். சபையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் உடனே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். “நேபாள தேசத்தைக் குறித்துக் கர்த்தர் என் உள்ளத்தில் ஒரு பாரத்தை வைத்திருக்கிறார்” என்று அண்ணன் ஆரம்பிப்பார். வைத்தது அவர் உள்ளத்தில்தான். தலைக்குப் பதினெட்டாயிரம் வீதம் பதினான்கு பேருக்கு அதைச் சுமக்கப்போவது நாம்.

அண்ணனுக்கு வயது நாற்பத்து மூன்று. ஆனாலும் வாலிபர் கூட்டத் தலைவர். கமிட்டித் தேர்தலில் தோற்கிறவரை ஒருவருக்கு வாலிபம் தீர்வதில்லை. வார நாட்களில் மின்வாரிய அலுவலகத்தில் பில்லுக்கு முத்திரை குத்துகிற கை, ஞாயிறு மாலையில் தேசங்களின்மேல் நீளும். அலுவலகத்தில் கொடுத்த விடுப்புக் கடிதத்தில் காரணம் ‘சுற்றுலா’ என்று எழுதியிருப்பார். இந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதியதில் முழு உண்மை அந்த ஒரு வார்த்தைதான் என்றால் அது குற்றம் சாட்டுவதாகிவிடும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

ஏன் நேபாளம்? தரிசனத்தில் மலை தெரிந்தது என்பார். மலையோடு வேறு சில வசதிகளும் தெரிந்திருக்கும். இந்தியருக்கு விசா வேண்டாம். தரைவழியாகப் போனால் பாஸ்போர்ட்டும் வேண்டாம். வாக்காளர் அட்டை போதும். ஆனாலும் அது வெளிநாடு. ஒடிசாவுக்குப் போனால் ‘பணித்தளம் பார்க்கப் போனார்கள்’ என்றுதான் சொல்வார்கள். நேபாளம் போனால் ‘ஃபாரின் மிஷன்’. போதாக்குறைக்கு நம் 100 ரூபாய் எல்லை தாண்டியதும் அவர்களுடைய 160 ரூபாயாகிவிடும். ஐந்தப்பத்தைப் பங்கிட்ட சீஷர்களின் முகம் அன்று எப்படி இருந்திருக்கும் என்பதை எல்லையில் பணம் மாற்றுகிற கடை வாசலில் நம் ஆட்களைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

புறப்படுமுன் மூன்று சனிக்கிழமை பயிற்சி நடக்கும். அதில் அண்ணன் குரலைத் தாழ்த்திச் சட்டத்தை விளக்குவார். 2015-இல் வந்த நேபாள அரசியலமைப்பே மதமாற்றத்தைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டப்படி ஐந்தாண்டுவரை சிறை, 50,000 ரூபாய்வரை அபராதம். வெளிநாட்டுக்காரர் என்றால் நாடுகடத்தலும் உண்டு. இதெல்லாம் உண்மை. ஆகவே வாட்ஸ்அப் குழுவில் இனி ஊழியம் என்று யாரும் எழுதக் கூடாது, ‘டூர்’ என்றுதான் எழுத வேண்டும். பாஸ்டர் என்பதற்கு ‘மாமா’. பைபிளுக்கு ‘நோட்டு’. ஜெபக்கூட்டத்துக்கு ‘டீ குடிப்பது’. குழுவிலிருந்த தம்பி ஒருவன், “அண்ணே, மாமா வீட்ல எத்தனை மணிக்கு டீ குடிக்கிறோம்?” என்று கேட்டதற்கு அண்ணன் கண் சிமிட்டிப் பாராட்டினார். கூட்டம் கலையும்போது டீ-ஷர்ட் விநியோகம். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறம். நெஞ்சில் ‘மிஷன் நேபாளம்’, முதுகில் பெரிய சிலுவை, அதன் கீழே ஏசாயா 6:8.

இதற்கிடையில் பெண்கள் ஐக்கியம் இமயமலை ஏழைகளுக்கு ஸ்வெட்டர் திரட்டும். சென்னையில் ஸ்வெட்டர் திரட்டுவதே ஒரு விசுவாசக் கிரியை. வந்து சேருவதில் பாதி மார்கழிக் குளிருக்குத் தாத்தாக்கள் மாட்டிய குரங்குக் குல்லாய், மிச்சம் மகன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு, ஒரு முறை ஊட்டி போய்வந்த சால்வை. மூன்று சாக்கு நிறைந்துவிடும். பயணம் பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதத்தில். நேபாளம் என்றால் பனி என்பது அண்ணனுடைய நம்பிக்கை. எல்லையை ஒட்டிய தராய்ச் சமவெளியில் மே மாத வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் என்பதை யாரும் அவருக்குத் தரிசனத்தில் காட்டவில்லை.

கோரக்பூர்வரை இரண்டு இரவு ரயில். இந்த இரண்டு இரவில் அண்ணனுடைய இறையியல் முழுவதும் வெளிப்பட்டுவிடும். கீழ் பெர்த் கிடைத்தால் கர்த்தர். ஆர்.ஏ.சி.யில் நின்றுபோனால் சத்துரு. வண்டி நாக்பூரில் நின்றால் சத்துரு, கிளம்பினால் கர்த்தர். இரண்டாம் நாள் புளியோதரை லேசாக வாடை அடித்தபோது அது யாருடைய வேலை என்பதில் மட்டும் குழுவுக்குள் கருத்து வேறுபாடு வந்தது, ஏனென்றால் கட்டியது அண்ணி.

ரயிலிலேயே வில்லியம் கேரி பற்றித் தியானம் நடத்துவார். கேரி 1793-இல் வங்காளம் வந்தார். முதல் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1800 டிசம்பர்வரை காத்திருந்தார். இங்கிலாந்துக்குத் திரும்பவே இல்லை, 1834-இல் செராம்பூரிலேயே இறந்தார். சொல்லும்போது அண்ணனுக்குக் குரல் கம்மிவிடும். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, “தம்பி, ரிட்டர்ன் டிக்கெட் கன்ஃபார்ம் ஆயிட்டான்னு பாரு” என்பார். கேரிக்கு ஏழாண்டு. இவர் வைத்திருப்பது ஊழியத்துக்கு ஆறு நாள், ஊர் சுற்றிப் பார்க்கப் பொக்காராவுக்கு ஒரு நாள்.

சொனௌலி எல்லை வளைவில் ஒரு கால் இந்தியாவிலும் ஒரு கால் நேபாளத்திலுமாக நின்று படம் பிடிப்பது சடங்கு. யோர்தானைக் கடந்த யோசுவாபோல அண்ணன் உரக்க ஜெபிப்பார். பின்னால் மூட்டை லாரிகள் ஹாரன் அடிக்கும். கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னே தள்ளிவைத்துவிட்டு, அந்தப் படத்தை இடம் குறிப்பிட்டு ஃபேஸ்புக்கில் ஏற்றுவார். ‘டூர் ஆரம்பம்’ என்று எழுத மறக்கமாட்டார். ஆரஞ்சுச் சட்டையில் பதினான்கு பேர், முதுகைக் காட்டியபடி.

சித்வன் மாவட்டத்து மலையில் செபாங் மக்களின் ஊர் ஒன்றுதான் பணித்தளம். ஜீப் போய்ச் சேரும்போது சனிக்கிழமை மாலை. மறுநாள் ஞாயிறு, பெரிய ஆராதனை, எழுப்புதல் செய்தி, எல்லாம் அட்டவணையில் இருக்கிறது. அங்கேதான் சிக்கல். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. சபைகள் கூடுவதும் அன்றைக்குத்தான். ஊர் மக்கள் காலையிலேயே செருப்பை வாசலில் விட்டு, ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் தரையில் உட்கார்ந்து, பாடி, காணிக்கை போட்டு, வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஞாயிறு அவர்களுக்கு வாரத்தின் முதல் வேலை நாள்.

ஊர்ச் சபையின் பாஸ்டர், அதாவது நம் ‘மாமா’, சிரித்த முகத்தோடு, “பரவாயில்லை, நான் சொல்லிவிடுகிறேன்” என்று விடியுமுன் மேடும் பள்ளமுமாக வீடுவீடாக ஏறி இறங்கினார். சோளக்காட்டில் இறங்கவேண்டிய ஜனங்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அதுவரை ஊரில் எழுப்பப்பட்டது அவர்கள் மட்டும்தான், அதுவும் தூக்கத்திலிருந்து.

அண்ணன் ஆங்கிலத்தில் பிரசங்கிப்பார். மாமா நேபாளியில் சொல்வார். அண்ணன் இரண்டு வரி சொன்னால் மாமா பத்து நிமிடம் பேசுவார். அண்ணன் ஒரு ஜோக் சொன்னால் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தன்மேல் இன்று விசேஷ அபிஷேகம் இறங்கியிருக்கிறது என்று அண்ணன் நினைத்துக்கொள்வார். நான் விசாரித்த அளவில், பல நாட்டுக் குழுக்களுக்கு மொழிபெயர்த்துக் களைத்த மாமா, யார் வந்து எதைப் பேசினாலும் போன வாரம் இறந்த பாட்டியைப் பற்றியும் இந்த வருஷ மழையைப் பற்றியும் தன் ஜனத்துக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறார். நல்ல பிரசங்கம். அண்ணன் அதற்கு இடையிடையே ஆங்கிலத்தில் மூச்சு விட இடம் கொடுத்தார்.

மாலையில் பிள்ளைகளுக்கு ஆக்‌ஷன் பாட்டு. மூன்று வாரம் மொட்டைமாடியில் ஒத்திகை பார்த்த பாட்டை நம் தங்கச்சிகள் ஆரம்பித்த உடனே நாற்பது பிள்ளைகளும் எழுந்து பிசகாமல் ஆடினார்கள். நம்மவர்கள் கைதூக்க மறந்த இடத்தைத் திருத்தியும் கொடுத்தார்கள். போன மாதம் கொரியாக்காரர்கள் வந்திருந்தார்களாம். அதற்கு முந்தின மாதம் மணிப்பூரிலிருந்து ஒரு குழு. “யார் யார் இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்கள்?” என்று அண்ணன் கேட்டதும் நாற்பது கையும் ஒரே வேகத்தில் உயர்ந்தது. எந்தக் கேள்விக்குப் பிறகு பிஸ்கட் வரும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அண்ணன் எண்ணிக் குறித்துக்கொண்டார். கொரியாக் கணக்கிலும் இதே நாற்பது இருக்கும்.

சாப்பாட்டு விஷயத்தைத் தொடாமல் போக முடியாது. நேபாள மலையூரில் காலையில் டீ. பத்து மணிவாக்கில் சோறு, பருப்பு, கீரை. இருட்டினால் மறுபடி சோறு, பருப்பு, கீரை. இட்லி இல்லாத காலை ஏழு மணி என்பது நம்மவர்கள் சந்தித்த முதல் உபத்திரவம். பதினான்கு பேருக்கு மாமி தண்ணீர் சுமந்து, விறகு ஊதி, இருந்த கோழிகளில் இரண்டை அடித்துப் போட்டாள். நம் குழு ஊறுகாய்ப் பாட்டிலைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து வீட்டை நினைத்து உருகியது. ஸ்வெட்டர் சாக்குகள் திண்ணையில் கிடந்தன. ராத்திரி மாமாவின் பிள்ளைகள் அவற்றின்மேல் படுத்துத் தூங்கினார்கள், ஏனென்றால் அவர்களுடைய அறையில் பதினான்கு பேர்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குழுவில் நர்ஸ் அக்கா ஒருத்தி இருந்தாள். பாடத் தெரியாது என்பதால் அவளை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவள் பாட்டுக்குப் பின்கட்டில் உட்கார்ந்து ஊர்ப் பெண்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள். ஒரு கர்ப்பிணிக்குக் கால் வீங்கியிருப்பதைக் கண்டு அன்றைக்கே ஜீப் பிடித்துப் பரத்பூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஊழிய அறிக்கையில் இது ‘மருத்துவ முகாம்’ என்று இரண்டே சொல்லில் வருகிறது, அண்ணன் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய படத்துடன்.

கடைசி நாள் பொக்காரா. அட்டவணையில் அதன் பெயர் ‘ஜெப நடை’. பேவா ஏரியில் படகு ஏறி ஜெப நடை நடந்தது. 1968-இல் மெக்சிகோவின் குவர்னவாக்காவில், சேவை செய்யக் கிளம்பிவந்த அமெரிக்க மாணவர்கள் முன்னால் இவான் இலிச் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் எழுந்து நின்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பார்க்க வாருங்கள், மலை ஏற வாருங்கள், பூக்களை ரசியுங்கள், படிக்கவும் வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அண்ணன் இலிச்சைப் படித்ததில்லை. ஆனால் பயணத்தில் அந்த ஒரு நாள் பாதிரியாருடைய பேச்சைத் தட்டாமல் நடந்துகொண்டார். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. பொக்காராவில் கம்பளிச் சால்வை விற்ற அம்மாளுக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம்.

செலவுக் கணக்கு கேட்டால் விசுவாசக் குறைவு என்பார்கள். அமெரிக்கச் சபைகள் இந்த விஷயத்தில் நமக்கு மூத்தவர்கள். 1998-இல் மிட்ச் புயல் அடித்த ஹோண்டுராஸில் அவர்களுடைய குழுக்கள் நேரில் போய் வீடு கட்டிக் கொடுத்தன. பயணச் செலவெல்லாம் சேர்த்தால் வீடு ஒன்றுக்குச் சுமார் 30,000 டாலர். உள்ளூர் அமைப்புகள் அதே மாதிரி வீட்டைச் சுமார் 2,000 டாலரில் முடித்தன. நம் அண்ணன் வீடே கட்டவில்லை என்பதால் இந்தக் கணக்கு அவருக்குப் பொருந்தாது. அவருடையது ஆத்துமாக் கணக்கு, அதையும் பார்த்துவிடலாம். 1951-க்கு முன் கிறிஸ்தவர்களே அநேகமாக இல்லாத நேபாளத்தில், 2021 கணக்கெடுப்புப்படி ஐந்து லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். பெரும்பாலும் டார்ஜிலிங் பக்கத்திலிருந்து திரும்பிய நேபாளிகளும், பக்கத்து வீட்டுக்காரனுக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஜெபித்த இந்த மாமாக்களும் செய்த வேலை அது. இதை அண்ணனிடம் சொன்னால், “அதான் தம்பி, நாம போய் உற்சாகப்படுத்துறோம்” என்பார்.

திரும்பிவந்த மூன்றாம் ஞாயிறு சாட்சி ஆராதனை. அண்ணன் தலையில் டாக்கா டோப்பி. திரையில் படங்கள் ஓடும்: மாமியின் அடுப்பு (‘வறுமை’), மாமாவின் பிள்ளைகள் சாக்கில் தூங்குவது (‘படுக்கக்கூட இடமில்லை’). “பசியிலும் பட்டினியிலும்...” என்று அண்ணன் சொல்லும்போது நர்ஸ் அக்கா கடைசி பெஞ்சில் கைப்பையில் எதையோ தேடுவாள். ஐந்து ஆறு முறை கைதூக்கச் சொன்னதில் நாற்பது பிள்ளைகள் இருநூற்று முப்பது ஆத்துமாக்களாகியிருந்தார்கள். சபை கைதட்டியது. அடுத்த வருஷம் தாய்லாந்து என்று கமிட்டியில் பேச்சு.

அதற்கடுத்த வாரம் மாமா ஒரு குரல் பதிவு அனுப்பினார். அண்ணனுக்குப் புரியவேண்டுமென்று நிதானமாக, எளிய ஆங்கிலத்தில். வார்டு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஃபேஸ்புக்கில் வந்த ஒரு படத்தைக் காட்டி நிறையக் கேள்வி கேட்டார்கள். மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். முடிந்தால் அந்தப் படங்களை மட்டும் எடுத்துவிட முடியுமா, கோபித்துக்கொள்ள வேண்டாம், மாமி எல்லாரையும் விசாரித்தாள்.

அண்ணன் ஆடிப்போனார். கண் கலங்கியது, அதில் நடிப்பே கிடையாது. உடனே உட்கார்ந்து இருக்கிற எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் ‘அவசர ஜெப விண்ணப்பம்’ அனுப்பினார். மாமாவின் முழுப்பெயர், ஊர், மாவட்டம், வார்டு எண், செல்போன் எண், உச்சியில் அதே படம். கடைசி வரி: ‘பாதுகாப்புக் கருதி இதை இரகசியமாக வைத்துக்கொள்ளவும். குறைந்தது பத்துக் குழுக்களுக்குப் பகிரவும்.’