குருவிகுளம் வட்டாரத்தில் புளித்த முட்டைக்கோஸ்: ஒரு முன்னாய்வுக்கான முன்னுரை

ஜெர்மானியரின் வீட்டுச் சாப்பாட்டைத் தென்காசி மாவட்டம் குருவிகுளத்தில் சமைக்க முடியுமா என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள். இதைப் பற்றி இதுவரை எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. ஏன் ஆராயவில்லை என்று கேட்பது ஆய்வாளர் வேலையில்லை. இடைவெளி இருக்கிறது, நிரப்புகிறோம். ஆய்வு எல்லையாவது: கிழக்கே அடுப்பு, மேற்கே அரிவாள்மணை, வடக்கே தண்ணீர்க்குடம், தெற்கே வீட்டாரின் பொறுமை.

வரலாற்றுப் பின்னணி இல்லாத ஆய்வேட்டை பைண்டிங் கடைக்காரர்கூட மதிப்பதில்லை. ஆகவே அதையும் கூறுவாம். பிரஷ்ய நாட்டவரான ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1838-இல் அங்கேயே மறைந்தார். அவர் குருவிகுளத்தில் சாப்பிட்டார் என்பதற்குச் சான்று இல்லை. சாப்பிடவில்லை என்பதற்கும் சான்று இல்லை. எனவே சாப்பிட்டார் எனக் கொள்க. இதைவிட மெலிந்த ஆதாரத்தின் மேல் ஊர்ப்பெயர் ஆராய்ச்சி நூல்கள் பல நிமிர்ந்து நிற்கின்றன.

அடுத்தவர் ஹெர்மன் குண்டர்ட். ஜெர்மனியின் சுவாபியப் பகுதியிலுள்ள ஸ்டுட்கார்ட்டில் பிறந்து, 1836-இல் சென்னையில் இறங்கி, திருநெல்வேலிச் சீமையிலும் இருந்துவிட்டு மலையாள அகராதிப் பக்கம் போனவர். இவர் பேரன் ஹெர்மன் ஹெஸ்ஸே எழுதிய 'சித்தார்த்தா' (1922) நாவலில் நாயகன் தனக்கிருக்கும் மூன்று திறமைகளில் ஒன்றாகப் பட்டினி கிடப்பதைச் சொல்கிறான். இது தாத்தா வீட்டுச் சமையலைப் பற்றிய குடும்ப நினைவா என்பது மேலாய்வுக்குரியது.

இனி வகைப்பாடு.

மாடு, பன்றி வகைகள்: ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவை; காரணம் ஆய்வு நெறி அல்ல, வீட்டு உரிமையாளர்.

உருளைக்கிழங்கு அடை: துருவிய கிழங்கு, வெங்காயம், முட்டை, கொஞ்சம் மாவு, தோசைக்கல்லில் எண்ணெய் தாராளமாக விட்டால் முறுகிவிடும். ஜெர்மானியர் இதற்கு ஆப்பிள் மசியலைத் தொட்டுக்கொள்கிறார்கள். நம் பக்கம் ஆப்பிள் ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்கும் பழம். அதை வேகவைத்து மசிக்கிறேன் என்றால் யாருக்கு என்ன ஆயிற்று என்று தெருவே விசாரிக்கும்.

ஸ்பெட்ஸ்லே: மைதா, முட்டை, உப்பு, தண்ணீர். மாவைக் கொதிக்கும் தண்ணீருக்கு மேலே பிடித்துப் பிழிந்தால் துண்டு துண்டாக விழும், வெந்ததும் மிதக்கும், அரிகரண்டியால் அள்ளிவிடலாம். இதற்கென ஜெர்மனியில் தனி அச்சு விற்கிறார்கள். முறுக்கு உரல் போதும் என்பது ஆய்வாளர் கண்டுபிடிப்பு (சான்று: முறுக்கு உரல்). சுவாபியர் இதை முழு மைசூர்ப் பருப்புக் குழம்போடு சாப்பிடுவர். சுவாபிய ஸ்பெட்ஸ்லேவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் புவிசார் குறியீடு கொடுத்தது. பக்கத்துக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் கிடைத்தது. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு எட்டு ஆண்டு.

இப்போது ஆய்வின் உயிர்நிலைக்கு வருவோம்: சவர்கிரவுட் என்னும் புளித்த முட்டைக்கோஸ். முட்டைக்கோஸை இழை இழையாகச் சீவி, கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் உப்புப் போட்டுப் பிசைந்தால் காயே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீருக்குள் மூழ்கும்படி பரணியில் அமுக்கி, மேலே பாரம் வைக்க வேண்டும். வினிகர் சேர்ப்பதில்லை. காயிலேயே இருக்கும் நுண்ணுயிர்கள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று புளிப்பாக்கிவிடும். முதலில் வேலையைத் தொடங்குவது லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்னும் உயிரி. நம் இட்லி மாவைப் பொங்கவைப்பதும் பெரும்பாலும் அதேதான். ஆய்வு இத்துடன் முடிந்துவிட்டது. ஆனால் கட்டுரைக்குக் குறைந்தபட்சப் பக்க அளவு உண்டு.

அந்த அளவை எட்ட உதவியது களப்பணி. பரணியைத் திண்ணை ஓரம் நிழலில் வைத்திருந்தபோது எதிர்வீட்டு ஆச்சி அருளிய கூற்றுகள் வருமாறு. "என்னய்யா இது, முட்டக்கோசா?" (ஆச்சி, திண்ணை, காலை). "துவட்டிட்டுப் போகாம இத எதுக்கு ஊறப்போட்ட?" (மேற்படி, மேற்படி, பால்காரர் வந்தபின்). இறுதியாக, இத்துறையின் மூலபாடம் எனத்தக்க கூற்று: "ஐயா, பரணியில என்னமோ நாறுது" (மேற்படி, மூன்றாம் நாள் அந்தி, வெற்றிலை இடது கன்னத்தில், எதிரே மினிபஸ் ஹாரன், ஆகவே கடைசிச் சொல் ஐயத்துக்குரியது, 'ஊறுது' எனவும் பாடம்).

இந்தப் பாடபேதத்தால் ஆய்வுலகம், அதாவது எங்கள் வீடு, இரண்டாகப் பிளந்தது. 'ஊறுது' என்பது ஆய்வாளர் கொள்ளும் பாடம். 'நாறுது' என்பது ஆய்வாளரின் மனைவி கொள்ளும் பாடம். இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாதிட்டது நெறிமுறைக்கு மாறானது. பழந்தமிழில் நாற்றம் நறுமணமே என்று மூன்றாம் தரப்பு ஒன்று சமரசம் பேசியது (மைத்துனர், தொலைபேசி வழி, சங்கரன்கோவிலிலிருந்து, பரணியை முகராமலே). கருத்தரங்குகளில் மூலத்தைப் பாராதவர்களே தலைமை தாங்குவது ஏன் என்பது அப்போது விளங்கிற்று. மூலத்தை ஆச்சியிடமே கேட்டுவிடலாமே என்று பிள்ளைகள் கேட்டனர். ஆசிரியர் உயிரோடிருக்கையில் அவரிடமே கேட்பது உரைமரபில் இல்லை என விளக்கினோம். ஆச்சி மறுநாள் தாமே வந்து, ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, "கஞ்சிக்கு நல்ல வெஞ்சனம்" என்று கூறிச் சென்றது இவ்வாய்வின் போக்குக்குத் தொடர்பில்லாததால் விடப்பட்டது.

எஞ்சியிருப்பது தட்பவெப்பம். இந்தக் காய் 18 முதல் 20 பாகை செல்சியஸில், ஜெர்மன் வீட்டு நிலவறையில் நாலைந்து வாரம் நிதானமாகப் புளிக்கும். கரிசல் காட்டின் சித்திரை வெயிலில் அத்தனை நாள் விட்டால் இழை குழைந்துபோகும். ஆகவே மார்கழி, தை மாதங்களே உகந்தவை. மற்ற மாதங்களில் புளிப்பேறியதும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட வேண்டும்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் பரணியைக் கழுத்துவரை அடைக்காதீர்கள். முதல் சில நாள் பொங்கி வழியும். மூடியையும் இறுக்கித் திருகாதீர்கள், உள்ளே வாயு சேரும். பூசணம் பிடித்ததை யாருக்கும் பரிமாறாதீர்கள், ஆய்வு நெறியாளராகவே இருந்தாலும்.