ஒரு வரிக்கு ஒரு மூட்டை

குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் பாடத்திட்டத்தில் நடப்பு நிகழ்வுகளுக்கு ஒரே வரிதான்: தேசிய, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்தவை. அந்த ஒரு வரிக்குத்தான் பயிற்சி மையங்கள் மாதந்தோறும் தலையணைத் தடிமனில் தொகுப்பு போடுகின்றன. நாளிதழ் போதாதா என்றால், எதை விடுவதென்று மாணவருக்குத் தெரியாதே என்கிறார்கள். நியாயம்தான், ஆனால் தொகுப்பும் எதையும் விடுவதில்லை. ராம்சர் ஈரநிலம், புவிசார் குறியீடு, ராணுவக் கூட்டுப்பயிற்சியின் பெயர் எல்லாம் மனப்பாடம். அந்த ஈரநிலத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பது மட்டும் எந்த அட்டவணையிலும் இல்லை. பட்டியலை உருப்போட்டால் ஊகித்தாவது தப்பலாம் என்பது அடுத்த வாதம். 2023 தாளில் தேர்வை நடத்தும் ஆணையம், எந்தக் கூற்று சரி என்பதை விட்டுவிட்டு, எத்தனை கூற்றுகள் சரி என்று வரிசையாகக் கேட்டது. அரைகுறையாகத் தெரிந்தவருக்கு அங்கே வழியில்லை. தவறான விடைக்கு அக்கேள்விக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கும் போகும். இதற்குச் சந்தை கண்ட மருந்து, தொகுப்புக்கு ஒரு சுருக்கத் தொகுப்பு.