ஸ்கேன் மாமா

எந்தக் குடும்பத்திலும் ஒரு ஸ்கேன் மாமா இருப்பார். பெரும்பாலும் ரிட்டயர்டு ஆள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருவார். காபி வருவதற்குள் மேஜை மேலிருக்கும் லேப்டாப்பைத் திறந்துவிடுவார். "கடைசியா எப்பப்பா கிளீன் பண்ணே?" குளித்து எத்தனை நாளாச்சு என்று கேட்கிற தொனி.

உடனே டவுன்லோடு. அந்தப் பக்கத்தில் மூன்று பச்சைப் பொத்தான்கள், இரண்டு விளம்பரம். மாமா இருப்பதிலேயே பெரியதை அமுக்குவார். பிறகு நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரி. ஏற்கெனவே டிக் அடித்து வைத்திருக்கும் கட்டங்களை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பெரியவங்க போட்ட டிக்காம், நாம கை வைக்கக் கூடாதாம். அந்த டிக் வழியாக ஒரு டூல்பாரும், கேட்காத ஆன்டிவைரஸ் ஒன்றும் உள்ளே வந்து உட்காரும்.

ஸ்கேன் ஓடும். சிவப்பு எழுத்தில் ஆயிரத்துச் சொச்சம் பிழைகள்! எண் ஏற ஏற மாமாவின் முகத்தில் ஒரு தேஜஸ். அதில் பாதி குக்கீ. மீதி ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் செத்த பதிவுகள். அத்தனையையும் அழித்தாலும் கம்ப்யூட்டர் ஓர் அங்குலம்கூட வேகமாக நகராது. தப்பான ஒன்றை அழித்தால் ஏதாவது புரோகிராம் படுத்துவிடும். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. மாமா ஆதரிக்கிறார். 'சரிசெய்' பொத்தான் காசு கேட்டதும் கார்டு நம்பரை மனப்பாடமாகச் சொல்வார். பேத்தியின் பிறந்தநாளுக்கு மட்டும் டைரியைப் புரட்ட வேண்டும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் அக்கா மகள் ஒருமுறை மறித்தாள். "மாமா, ஸ்டோரேஜ் சென்ஸ், டிஃபென்டர் எல்லாம் விண்டோஸோடயே வருது. மெதுவா இருந்தா டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப்பைப் பாருங்க, தேவையில்லாததை நிறுத்துங்க, போதும்."

"சும்மா வர்றது என்னத்தம்மா கிழிக்கும்? ஒரு பிழையாவது காட்டுதா அது?"

அவள் விடவில்லை. அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ என்ற பெரிய கடை, கம்ப்யூட்டரை இலவசமாகச் சோதிக்கிறோம் என்று ஸ்கேன் பண்ணியது. முதலில் நாலு கேள்வி: மெதுவா இருக்கா, அடிக்கடி நின்னுபோகுதா, இந்த மாதிரி. ஒன்றுக்கு டிக் அடித்தாலும் போதும், வைரஸ் அறிகுறி இருக்கிறது என்று ரிசல்ட் வந்துவிடும். ஸ்கேன் ஓடுவதெல்லாம் சும்மா கண்காட்சி. கடையும் அந்த மென்பொருளைக் கொடுத்த கம்பெனியும் சேர்ந்து 2019-இல் 3.5 கோடி டாலர் கட்ட வேண்டிவந்தது.

மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முழுதும் கேட்டார்.

"அது அமெரிக்காம்மா. அங்க தூசி ஏது? பொய்யாத்தான் காட்டணும். நம்ம ஊர்ல நிஜமாவே இருக்கே!"

இப்போது அந்த லேப்டாப்பில் இரண்டு ஆன்டிவைரஸ், ஒரு பூஸ்டர், ஒரு ஆப்டிமைசர். ஆன் பண்ணிவிட்டுப் பால் வாங்கப் போய்வரலாம். மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. "அழுக்கு ஆழமா இறங்கியிருக்கு. இதுக்குன்னே ஒண்ணு இருக்கு, இரு."