கட்டம் போடும் பையன்

பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து, ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "சேர்ந்து ஒரு படக்கதை போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். கதை யாருக்கு வரும், படம் யாருக்கு வரும் என்று தெரியக் கொஞ்ச நேரமாகும். கட்டம் போடப்போவது யார் என்று மட்டும் உடனே தெரிந்துவிடும். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்துகொண்டே தாளைத் தன் பக்கம் இழுக்கிறானே, அவன்தான்.

கேரள எல்லையோரத் தேயிலை ஊரான வண்டிப்பெரியாரிலும் இவன் உண்டு. கோடை விடுமுறையில் எஸ்டேட் பிள்ளைகளும் டவுன் பிள்ளைகளும் ஒன்றுகூடும் இடத்தில் தவறாமல் ஆஜர். இவனுக்குப் படம் வராது. யானை போட்டால் கொழுந்து மூட்டை மாதிரி இருக்கும். அது இவனுக்கே தெரிந்ததால் யானைப் பக்கம் போவதில்லை. ஆனால் ஸ்கேல் இவனிடம் இருக்கிறது. ஸ்கேல் வைத்திருப்பவன் சொல்லுக்குத்தான் படம் வரைகிறவனும் காத்திருக்க வேண்டும். "தாளத் தொடாத, வேர்வ படும்" என்பான். மழை பெய்து குளிரடிக்கும் ஊரில் யாருக்கு வேர்க்கிறதோ!

இவன் போடுவது எப்போதும் நாலே கட்டம். அது இவன் சட்டம் அல்ல. டில்லியில் சரத் சர்மா தொடங்கிய வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியா அமைப்பு, படம் வரையத் தெரியாதவர்களும் தங்கள் ஊர்க்கதையைச் சொல்லட்டும் என்று பரப்பிய முறை அது. இரண்டு ஏ4 தாள், நாலு கட்டம். எந்த ஊர் ஜெராக்ஸ் கடையிலும் நகலெடுத்து, இரண்டையும் ஒட்டினால் சுவரொட்டி. யார் வேண்டுமானாலும் வரையலாம் என்பதுதான் அதன் உயிர். நம் ஆள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது 'நாலு' என்ற எண்ணை மட்டும்.

"லயத்துக்குள்ள சிறுத்த வருது. கோழியத் தூக்குது. பாட்டி முழிக்குது. கவாத்துக் கத்திய எடுக்குது. தொரத்துது. சிறுத்த கோழியப் போட்டுட்டு ஓடுது" என்று ஒரு சிறுமி மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"ஆறு வருது. நாலுதான் இருக்கு."

"அப்ப பாட்டி?"

"பாட்டி, சிறுத்த, கோழி எல்லாம் ஒரே கட்டத்துல நிக்கட்டும்."

நின்றார்கள். சிறுத்தையின் வால் மட்டும் கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. பார்க்க உண்மையிலேயே பிரமாதமாக இருந்தது; தேர்ந்த ஓவியர்கள் வேண்டுமென்றே செய்கிற வேலை அது. இவன் ரப்பரை எடுத்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வாலை அழித்து, தூசியை ஊதிவிட்டு நிமிர்ந்தான்.

அடுத்த வழக்கு மாயாவி. எல்லையோர ஊரில் மாயாவிகள் இரண்டு பேர். மலையாளம் படிக்கிற பிள்ளைக்கு மாயாவி என்றால் பாலரமா இதழில் வரும் கொம்பு முளைத்த குட்டிச்சாத்தான். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் முதல் இதழிலேயே வந்து இறங்கிய இரும்புக்கை மாயாவி, தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்தில் இருக்கும் தாத்தா வீட்டுப் பரணில் பழைய புத்தகம் கண்டெடுத்த பிள்ளைக்குச் சொந்தம். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் இவர் மறைந்துவிடுவார். இரும்புக்கை மட்டும் தெரியும். எந்த மாயாவி வந்து சிறுத்தையைப் பிடிப்பது? இரண்டு மொழியிலும் சண்டை. நம் ஆள் யோசித்தான். கொம்புள்ளவருக்கு முகம் வேண்டும், உடம்பு வேண்டும். மற்றவருக்கு ஒரு கை போதும்; இடமும் மிச்சம். தீர்ப்பு இரும்புக்கைக்கே. அந்தக் கையை வரைந்ததும் இவனேதான், ஸ்கேல் வைத்து. விரல் ஐந்தும் நேர்கோடு.

இவனைப் பிள்ளைகள் திட்டுவார்கள். ஆனால் இவன் வராத நாளில் பார்க்க வேண்டும்: முதல் படமே முக்கால் தாளை விழுங்கி, பாட்டி ஓரத்தில் நசுங்கி, பலூனுக்கு இடமில்லாமல் வசனம் தாளின் பின்பக்கம் போய்விடும். கணக்குப் பார்த்துச் சொன்னால், குழுவில் தவிர்க்க முடியாத ஆள் இவன்தான். பெரியவனாகி எங்கே உட்காருவான் என்பதையும் சொல்லிவிடலாம். நம் மனுவை வாங்கி, "பார்டர் விடலையே" என்று திருப்பித் தருகிற ஜன்னலுக்குப் பின்னால்.

பிள்ளைகளைக் கூட்டிப் படக்கதை போடச் சொல்லும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இரண்டு ஏ4 சேர்ந்தால் நீளம் 42 சென்டிமீட்டர். ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் 15. மூன்று தவணையில் இழுத்த கோடு கோணுகிறது, அவனும் அழித்து அழித்துப் போடுகிறான், மற்ற ஒன்பது பேரும் காத்துக் கிடக்கிறார்கள். கலர் பென்சில் வாங்கும்போது நீள ஸ்கேல் ஒன்றும் சேர்த்து வாங்கி வாருங்கள்.