வெள்ளகவிப் பாதை

கொடைக்கானலுக்கு நடந்து ஏறுவது ஒரு காலத்தில் வேறு வழியில்லாதவர்கள் பட்ட பாடு. இன்று அதே ஏற்றத்துக்கு அனுமதி வாங்கி, பணம் கட்டி, முழங்காலில் பட்டை மாட்டிக்கொண்டு போகிறோம். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தபோது, கல்லூரிப் பிள்ளைகளோடு கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக நானும் ஏறினேன். பெரியகுளத்துக்காரன் நான். பிறந்த நாள் முதல் கண்ணெதிரே நின்ற மலை அது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எண்பதுகளின் கடைசியில், இதே பாதையில் மாணவர்களைக் கூட்டிப் போயிருக்கிறேன். காலில் ரப்பர் செருப்பு, தோள் துண்டில் முடிந்த புளிச்சோறு. கும்பக்கரையில் யானைக் கெஜம், குதிரைக் கெஜம், பாம்புக் கெஜம் என்று அருவிப் பாறைகளின் பேரெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பையன்கள் தண்ணீரில் குதித்திருப்பார்கள். ஏற்றத்தில் நான்தான் முன்னால். பின்தங்குகிறவர்களை நின்று அதட்டுவேன்.

இப்போது பெண்பிள்ளைகளும் வருகிறார்கள். அன்று எந்த வீட்டிலும் அனுப்பியிருக்கமாட்டார்கள். இந்த மலை மாறியதிலேயே எனக்கு அதிகம் பிடித்த மாற்றம் இதுதான். எவ்வளவு உயரம் ஏறினோம், இதயம் எத்தனை முறை துடித்தது என்பதையெல்லாம் மணிக்கட்டிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். நான் கடைசி ஆள். என் கூடவே வருவதற்கென்று இரண்டு பேரை அவர்களே முறை வைத்து அமர்த்தியிருந்தார்கள். “சார், மூச்சு வாங்கினா உக்காந்துக்குங்க. இருட்டுறதுக்குள்ள போயிரலாம்” என்றாள் ஒருத்தி. அந்த அக்கறை எனக்குப் பெரிய நிறைவாக இருந்தது.

அடிவாரத்துக்கும் கொடைக்கானலுக்கும் 1,500 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். காய்ந்த புதர்க்காட்டில் தொடங்கி, காப்பித் தோட்டங்களைத் தாண்டி, சோலைக்காட்டின் குளிர் முகத்தில் படும் வரை ஒரே ஏற்றம். உட்கார்ந்து எழுந்த இடங்களில் எல்லாம் பிள்ளைகளிடம் அந்த மலையின் கதையைச் சொல்லிக்கொண்டே போனேன்.

1821-இல் லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேய நில அளவை அதிகாரி வெள்ளகவியில் தங்கி, அங்கிருந்துதான் மேலே ஏறிக் கொடைக்கானல் மேட்டை அளந்தார். அவர் வரும்போதே வெள்ளகவி ஓர் ஊர்; மேலே நகரம் என்று எதுவும் கிடையாது. 1845-இல் மதுரைச் சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பி வந்த அமெரிக்க மிஷனரிகள் மேலே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். 1875-இல் அம்மையநாயக்கனூர் வரை ரயில் வந்தது. அங்கே இறங்கி இரவெல்லாம் மாட்டுவண்டியில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்கு வருவார்கள். அதற்கு மேல் ஷெண்பகனூர் வழியாக ஏறும் மலைத்தடம்தான். குதிரை ஏறத் தெரிந்தவர் குதிரையில், மற்றவர் டோலியில். பெட்டி, கட்டில், பியானோ எல்லாம் ஆள் சுமை. முதல் உலகப் போர்க் காலத்தில் மலைச்சாலையில் வண்டிகள் ஓடத் தொடங்கும் வரை கொடைக்கானல் நகரமே மனிதத் தோளில்தான் ஏறியது.

என் அப்பாவின் தாத்தா டோலி தூக்கியவர். கம்பு அழுத்தி அழுத்தி அவர் தோளில் காய்த்துப்போன மேட்டைச் சின்ன வயதில் தடவிப் பார்த்திருப்பதாக அப்பா சொல்வார். இதைச் சொன்னபோது பிள்ளைகள் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டார்கள்.

மேலே 1901-இல் மிஷனரிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாக இருக்கிறது. மலைநடையும் கூடாரவாசமும் அங்கே நெடுநாள் மரபு. நல்ல மரபு; அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த மலை எங்கள் பிள்ளைகளுக்கும் கிடைக்கவேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை வருஷம் விடாமல் கூட்டிப் போனேன். சுமந்தவர்களின் வாரிசுகள் சந்தோஷத்துக்காக ஏறுவதைப் பார்க்க எனக்குக் கண் நிறைகிறது.

எண்பதுகளில் கேள்விகேட்பார் இல்லாமல் ஏறினோம். 2018 மார்ச் 11-இல் போடிப் பக்கம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேறப் போனவர்களைச் சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இளவயதுக்காரர்கள். அந்த வாரம் வகுப்பில் என்னால் சரியாகப் பேச முடியவில்லை. அதற்குப் பிறகு வந்த மலையேற்ற விதிகளில், ஆள் கணக்கு, வழிகாட்டி, கோடையில் பாதையை மூடுவது எதையும் நான் தொந்தரவாக நினைக்கமாட்டேன். 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளை இணைய முன்பதிவுக்குத் திறந்தது. வட்டக்கானல்–வெள்ளகவியும் அதில் ஒன்று. உள்ளூர்க்காரர்களுக்கு வழிகாட்டி வேலை கிடைப்பது நியாயமான காரியம்.

வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊரே சாமியின் இடம். விலையுயர்ந்த காலணிகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் கூசிக் கூசி நடந்தார்கள். காப்பி, மிளகு, பட்டர் ஃப்ரூட் எல்லாம் இங்கிருந்து குதிரை முதுகில் போகின்றன. அரிசியும் பருப்பும் அப்படியே வருகின்றன. வண்டி போக ஒரு சாலை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்திருக்கிறார்கள். நடக்கமுடியாத நோயாளியையும் பிரசவ வலி எடுத்தவளையும் டோலி கட்டித்தான் தூக்கிப் போயிருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன் துரைகளுக்காகத் தூக்கிய டோலி, துரைகளெல்லாம் காரில் ஏறிப்போன பிறகும், கொடைக்கானலைவிட மூத்த ஊருக்கு மிச்சமாயிற்று. இது எனக்கு ஆறாத கோபம்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கேட்டார்: “எதுக்குத்தா இம்புட்டுக் கஷ்டப்பட்டு ஏறுறீக? கொடைக்குத்தான் பஸ்ஸு இருக்குல்ல?”

“சும்மா, ஏறிப் பாக்கணும்னுதான் பாட்டி.”

“அப்பச் சரி. மேலதானே போறீக, இதை வாங்கி வட்டக்கானல்ல குதிரைக்காரன் கையில குடுத்துருங்க” என்று முந்தானையிலிருந்து ஒரு மருந்துச் சீட்டையும் மடித்த நோட்டுகளையும் எடுத்து நீட்டினார். ரத்த அழுத்த மாத்திரை.

சாயங்காலம் வட்டக்கானலைத் தொட்டதும் எல்லாருக்கும் தேநீர் நினைப்புதான். சீட்டு வாங்கிய பெண் மட்டும், “சார், கடை மூடிடுவாங்க” என்று ஜீப்பை மறித்து மூஞ்சிக்கல் மருந்துக்கடைக்குக் கிளம்பினாள். கூட இன்னும் மூன்று பேர் ஏறிக்கொண்டார்கள். பாட்டி கொடுத்த பணம் ஒரு மாதத்துக்குத்தான் வந்தது. மூன்று மாதத்துக்கு வாங்கிவந்தார்கள். எவ்வளவு போட்டார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை குதிரைக்காரர் இறங்குவதற்குள் பிடிக்கவேண்டும் என்று, போர்வையைப் போர்த்திக்கொண்டு எனக்கு முன்பே போய் நின்றிருந்தார்கள். எந்த மாத்திரை காலையில், எது ராத்திரியில் என்று அவள் அவருக்கு இரண்டு தடவை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.